வண்ணக்கன் கையில் வெள்ளிக்காசு

ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமார்க்கம் என்ற பாலி நூலை இயற்றிய புத்தகோஷர், காஞ்சிபுரத்திலும் சில காலம் வாசம் செய்தவர் என்று பௌத்த மரபு கூறும். அறிவின் படித்தரங்களை விளக்க வந்த ஓரிடத்தில் அவர் ஒரு திருஷ்டாந்தம் காட்டுகிறார். பணம் மாற்றுவோன் ஒருவனுடைய பலகையின்மேல் காசுகள் குவிந்து கிடக்க, அவற்றைச் சிறு குழந்தை ஒன்றும், நாட்டுப்புறத்தான் ஒருவனும், அந்தப் பணம் மாற்றுவோனும் பார்க்கிறார்கள். குழந்தையின் கண்ணுக்கு அவை வட்டமும் சதுரமும் நீளமுமான சித்திரத் துண்டுகள். நாட்டுப்புறத்தானுக்கு அவற்றைக் கொடுத்தால் பண்டம் கிடைக்கும் என்பது தெரியும், நல்லது எது, கள்ளது எது என்பது தெரியாது. மூன்றாமவனோ கண்ணால் பார்த்தும், தட்டி ஒலி கேட்டும், மோந்தும், நாவில் வைத்தும், கையில் ஏந்தி நிறை பார்த்தும் அவற்றின் தரத்தைச் சொல்வதோடு நில்லாமல், இது இன்ன கிராமத்தில் ஆனது, இது இன்ன பட்டணத்தில் ஆனது, இது இன்ன மலையடியில், இன்ன ஆற்றங்கரையில், இன்ன ஆசாரியன் கையால் ஆனது என்றும் கூறிவிடுவான்.

தத்துவ விசாரத்தின் பொருட்டே அவர் இதை எடுத்தாண்டார் எனினும், கடைத்தெருவில் நெடுநேரம் நின்று பாராத ஒருவருக்கு இவ்வளவு நுணுக்கம் வாய்த்திராது என்பது என் அபிப்பிராயம். ஒரு பழைய வெள்ளிக்காசைக் கையில் வாங்குகிறவன் கேட்கவேண்டிய இரண்டு வினாக்களும் அந்தச் சிறிய உவமையிலேயே அடங்கிவிட்டன. இதில் வெள்ளி எவ்வளவு என்பது ஒன்று. இதை யார், எங்கே, எப்போது அடித்தார்கள் என்பது மற்றொன்று. பழைய பரிசோதகனுக்கு இரண்டாவது வினா முதலாவதன் ஊழியனாக இருந்தது. காசை அடித்த அக்கசாலை இன்னதென்று தெரிந்துவிட்டால் அதன் மாற்று இன்னதென்று தெரிந்துவிடும், அதற்குமேல் அவனுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. இன்று பழங்காசு சேர்ப்பவரிடத்திலோ எஜமானும் ஊழியனும் இடம் மாறிக்கொண்டுவிட்டார்கள். வெள்ளியின் அளவை அவர் விசாரிப்பதெல்லாம் காசின் பிறப்பை நிச்சயிப்பதற்காகவே. இந்த இடமாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்வதே நம் நாட்டு வெள்ளி நாணய பரீட்சையின் சரித்திரத்தைச் சொல்வதாகும்.

கௌடிலீய அர்த்தசாஸ்திரம் அக்கசாலையை நடத்துவதற்கு லக்ஷணாத்யக்ஷன் என்றும், புழக்கத்திலுள்ள காசைச் சோதிப்பதற்கு ரூபதர்சகன் என்றும் இரண்டு உத்தியோகஸ்தர்களை வைத்திருக்கிறது. அந்நூல் விதிக்கும் வெள்ளிப் பணத்தில் பதினாறில் நான்கு பங்கு செம்பு. ஒரு பங்கு இரும்போ, வெள்ளீயமோ, காரீயமோ, அஞ்சனமோ. எஞ்சிய பதினொரு பங்குதான் வெள்ளி. நூற்றுக்கு எட்டு ரூபிகம், ஐந்து வியாஜி என்று கட்டணங்கள் வசூலித்தபின், பரீட்சைக்கென்று நூற்றில் எட்டில் ஒரு பங்கு தனியே வாங்கினார்கள்; விதியை மீறியவனுக்கு 25 பணம் தண்டம். அக்காலத்துக் காசுகளாகிய முத்திரைக் காசுகள் இன்றும் குடம் குடமாக அகப்படுகின்றன. முப்பத்திரண்டு குன்றிமணி நிறையுள்ள, அதாவது ஏறக்குறைய 3.4 கிராம் எடையுள்ள, ஒழுங்கற்ற வெள்ளித் தகடுகள் அவை. ஒரு புறத்தில் சூரியன், மலை, யானை முதலியவற்றுள் ஐந்து சின்னங்கள் தனித்தனியே குத்தப்பட்டிருக்க, மறுபுறத்தில் சிறுசிறு குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காணப்படும். கைமாறியபோதெல்லாம் பரிசோதகர்கள் பார்த்துத் தேறியதற்கு அடையாளமாக இட்ட முத்திரைகளே இக்குறிகளிற் பல என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். போடிநாயக்கனூரிற் கிடைத்த முத்திரைக் காசுகளின் பின்புறத்தில் மீன் வடிவம் இருப்பதால் அவற்றைப் பாண்டியருடையவை என்று கொள்கிறார்கள்.

தமிழகத்தில் இத்தொழிலைச் செய்தவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் வரிசையில் வடவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று சிலர் வருவதைப் பார்த்தால், பகலில் காசு பார்த்தவர்கள் மாலையில் கவி பாடினார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. அவர்களுடைய கைக்கு எட்டிய வெள்ளி பெரும்பாலும் கடல் கடந்து வந்த ரோமானிய தினாரியஸ் ஆகத்தான் இருந்திருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரண்டு சக்கரவர்த்திகளுடையவை. கி.பி. 64-இல் நீரோ மன்னன் தினாரியஸின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தான். அவ்வாறு குறைந்த காசு நம் நாட்டுப் புதையல்களில் அருமையாகவே காணப்படுகிறது. சட்டம் போட்டுத் தடுப்பார் ஒருவரும் இல்லாமலே ஒரு பேரரசின் புதுக்காசு நம் துறைமுகங்களில் செல்வாக்கு இழந்ததென்றால், அங்கே தராசும் கண்ணுமாக உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தாரை நினைக்காமல் அதற்குக் காரணம் சொல்ல முடியாது. ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதிவைத்த ஒரு செய்தியும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பருவக்காற்றில் அகப்பட்டு இலங்கைக்கு ஒதுங்கிய ரோமானியன் ஒருவனிடம் இருந்த தினாரியஸ்களைப் பார்த்த அந்நாட்டு அரசன், அவற்றிலுள்ள முகங்கள் வெவ்வேறாயிருந்தும் எடை மட்டும் ஒன்றாகவே இருந்தது கண்டு ரோமாபுரியாரின் நேர்மையை வியந்து தூது அனுப்பினானாம். அதே பிளினி, ரோமாபுரியில் ஒரு கள்ள தினாரியஸைப் பார்த்துப் பழகுவதற்காகப் பல நல்ல தினாரியஸ்களைக் கொடுத்து வாங்குவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். போலிக்கு அசலினும் அதிக விலை கிடைத்த விநோதம் அது.

இடைக்காலத்துச் செய்திகள் பலவற்றைக் கடந்து ஒரே ஒரு நூலை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். டில்லி அக்கசாலையில் உத்தியோகம் பார்த்த டக்குர பேரு என்ற ஜைனர் 1318-இல் திரவிய பரீக்ஷா என்று ஒரு நூல் எழுதி, பற்பல தேசத்துக் காசுகளைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றிலும் வெள்ளி எவ்வளவு என்று வரிசைப்படுத்தினார். நாணயத்தை மாத்திரமே விஷயமாகக் கொண்டு இவ்வளவு பழைய காலத்தில் எழுந்த நூல் உலகிலேயே அபூர்வம். பின்பு பதினாறாம் நூற்றாண்டில் ஷேர்ஷா சூர் சுமார் 178 தானிய (கிரெயின்) எடையில் மிக நல்ல வெள்ளியில் ரூபாயை அடிக்கத் தொடங்கியதும், மொகலாயர்கள் அதை நாடெங்கும் பரப்பியதும் எல்லோரும் அறிந்தவை.

ரூபாய் பரவியதோடு கூடவே, காசைச் சோதித்து மாற்றித் தரும் சராப்பு என்பவரும் பரவினார். அவருடைய வித்தையைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் இல்லை. ரூபாய்க் குவியலை இடப்பக்கத்தில் கொட்டிக்கொண்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒவ்வொன்றாக நழுவவிட்டுக்கொண்டே போகையில், எடை குறைந்ததை விரலும், விளிம்பு சுரண்டப்பட்டதை நகமும், நிறம் வேறுபட்டதைக் கண்ணும் பிடித்துக்கொள்ளும். மூன்றுக்கும் தப்பியது சந்தேகமாகத் தோன்றினால் அதைச் சுண்டிவிட்டோ கல்லில் போட்டோ காது தீர்ப்புச் சொல்லும். நல்ல வெள்ளி நீளமாக ஒலித்து மெல்ல அடங்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த காசு விழுந்த இடத்திலேயே ஊமையாகிவிடும். ஆயினும் காதை மாத்திரம் நம்பினவன் நல்ல சராப்பு ஆகமாட்டான். ஏனெனில் அடிக்கும்போது விளிம்பில் கீறல் விட்ட அசல் ரூபாயும், நெடுங்காலம் மண்ணில் புதைந்து உள்ளே நொறுங்கும் தன்மை அடைந்துவிட்ட பழங்காசும் அதேபோல் மழுங்கிய ஓசையே தரும். பொன்னுக்கு உதவுவதுபோல் வெள்ளிக்கு உரைகல் உதவுவதில்லை. வெளுத்த கலவைகள் பலவும் கல்லின்மேல் ஏறக்குறைய ஒரே கோடாகத்தான் விழும். ஆகவே காசை உளியால் வெட்டி உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்ப்பது, அதற்கும் மேலே போனால் எலும்புச் சாம்பலால் ஆன கிண்ணத்தில் ஈயத்தோடு சேர்த்துப் புடமிட்டு, மட்ட உலோகங்களைக் கிண்ணம் உறிஞ்சியபின் நிற்கும் வெள்ளி மணியை நிறுப்பது என்று சோதனை வளர்ந்துகொண்டே போகும். தேறிய காசில் சராப்பு தம் சிறு முத்திரையைக் குத்துவார். மொகலாய ரூபாய்களில் பூப்போலவும் நட்சத்திரம்போலவும் காணும் குறிகள் பல அவ்வாறு விழுந்தவை.

இந்த வித்தையில் லாபமும் இருந்தது. அரசனுடைய பட்டத்து ஆண்டு காசிலேயே பொறிக்கப்பட்டிருந்தபடியால், புதிய ஆண்டின் காசு சிக்கா என்று முழு மதிப்புப் பெற, வங்காளத்தில் இரண்டாம் ஆண்டில் நூற்றுக்கு மூன்றும் மூன்றாம் ஆண்டில் ஐந்தும் வட்டம் கழித்தார்கள். வெள்ளி ஒரு குன்றிமணியும் தேயாதிருந்தாலும் தேதி பழையதாகிவிட்டது என்பதே குற்றம்! இந்த வட்டத்தினால் குடியானவன் நஷ்டப்பட்டான். வரி வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியாரும் சங்கடப்பட்டார்கள். அவர்கள் கண்ட உபாயம் தேதியையே நிறுத்திவிடுவது. வங்காளத்தில் இரண்டாம் ஷா ஆலமின் பத்தொன்பதாம் பட்டத்தாண்டு என்று பொறித்த ரூபாயைப் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டே போனார்கள். சென்னையில் 1807 முதல் இயந்திரத்தில் அடித்த ஆர்க்காட்டு ரூபாயிலும் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், அவர் இறந்து அரைநூற்றாண்டு ஆன பிறகும், ஹிஜ்ரி 1172, ஆறாம் ஆண்டு என்ற தேதியுமே நின்றன. ஆகவே ஹிஜ்ரி எண்ணைக் கிறிஸ்தவ ஆண்டாக மாற்றி 1758 அல்லது 1759 என்று கணக்கிட்டுத் தம்மிடம் உள்ள ரூபாய் அவ்வளவு பழையது என்று மகிழ்பவர், விளிம்பில் இயந்திரம் இட்ட வரைகளைப் பார்த்துவிட்டு மகிழ்வது நல்லது.

ஆர்க்காட்டு ரூபாயின் கதை நமக்கு நெருக்கமானது. நவாபு தோஸ்து அலிகானிடம் அநுமதி பெற்றுப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1736-இல் அதை அடிக்கலானார்கள்.  1742-இல் ஆங்கிலேயருக்கும் அந்த உரிமை கிடைத்தது. இருவரும் மொகலாயன் பெயரையே பாரசீக எழுத்தில் பொறித்தார்கள். புதுச்சேரிக் காசைப் பிறைச் சின்னத்தாலேயே பிரித்தறிய வேண்டும். சென்னையிலோ அக்காலத்தில் மக்கள் மனத்தில் இருந்த பணம் பொன் வராகன். அதற்கு இணங்கவே கம்பெனியார் 1807-ஐ ஒட்டிக் கோபுரச் சித்திரம் ஒரு புறமும், தாமரையின்மேல் விஷ்ணு மறுபுறமுமாக, ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்னும் நான்கு எழுத்துக்களோடு வெள்ளியில் அரை வராகனும் கால் வராகனும் அடித்தார்கள். இவற்றிற் சில ஸ்பானிய டாலர்களை எடுத்து அவற்றின் மேலேயே அடிக்கப்பட்டவை. உற்றுப் பார்த்தால் கோபுரத்தின் பக்கத்தில் ஸ்பெயின் தேசத்து எழுத்தொன்றின் கால் தெரியும். அழகைக் கெடுப்பதாகத் தோன்றும் இந்த மிச்சமே அது அசல் என்பதற்குச் சிறந்த சாட்சி, ஏனெனில் போலி செய்கிறவன் சுத்தமான தகட்டில்தான் அடிப்பான். 1818-இல் நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்து, 180 தானிய எடையுள்ள வெள்ளி ரூபாயே சென்னை ராஜதானியின் நாணயம் என்று பிரகடனம் செய்தார்கள். இவற்றையெல்லாம் அடித்த சென்னை அக்கசாலை 1869-இல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அக்கசாலையின் காசுகளைப் பற்றிச் சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1890-இல் ஒரு நல்ல புத்தகம் எழுதினார்.

சராப்பின் தொழிலுக்கு முடிவு தேடியவர்களில் முக்கியமானவர் ஒரு நாணயப் பரிசோதகரே என்பது இந்தச் சரித்திரத்தின் ரசமான பகுதி. ஜேம்ஸ் பிரின்ஸெப் 1820 முதல் காசி அக்கசாலையிலும், பின்பு கல்கத்தாவிலும் உலோகப் பரிசோதகராக இருந்தவர். உலையின் உஷ்ணத்தை அளப்பதற்கும் மிக நுண்ணிய எடையைக் காண்பதற்கும் தாமே கருவிகள் அமைத்துக்கொண்ட அவர், ராஜதானிக்கு ஒரு ரூபாய் என்றிருந்த குழப்பம் நீங்கி ஒரே எடையும் ஒரே மாற்றும் வரவேண்டும் என்று வற்புறுத்தினார். 1835-ஆம் ஆண்டின் 17-ஆவது சட்டம் அதைச் செய்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி தொடங்கி, 180 தானிய எடையில் 165 தானியம் சுத்த வெள்ளியுள்ள கம்பெனி ரூபாய், நான்காம் வில்லியத்தின் தலையைத் தாங்கி வந்தது, மொகலாயன் பெயர் போயிற்று, வட்டமும் போயிற்று. காசை நிறுக்காமல் எண்ணிக் கொடுத்தால் போதும் என்ற நிலை வந்தபின், சராப்புக்கு எஞ்சியது பாங்கிகளிலும் கஜானாக்களிலும் பிணைத்தொகை கட்டி உட்கார்ந்து கள்ள ரூபாயை ஒதுக்கும் வேலை ஒன்றே. அதே பிரின்ஸெப் தம் மேசைக்கு வந்த பழைய வெள்ளிக்காசுகளை உருக்குவதற்கு முன் படிக்கவும் முயன்றார். ஒரு புறம் கிரேக்கமும் மறுபுறம் கரோஷ்டியுமாக எழுதிய வடமேற்கு அரசர்களின் காசுகள் அவருக்கு உதவின. 1837-இல் அசோகனுடைய பிராமி எழுத்தை அவர் வாசித்து முடித்தார். புத்தகோஷர் சொன்ன இரண்டாவது வினா எஜமான ஸ்தானத்திற்கு ஏறியது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இயந்திர ரூபாயும் தேதி விஷயத்தில் முழு உண்மை பேசவில்லை. 1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாயும் 1862 என்று பொறித்ததும் அந்தந்த ஆண்டோடு நிற்காமல், தேதி மாறாமலே பல ஆண்டுகள் அடிக்கப்பட்டவை. பம்பாயில் 1862-க்குப் பிந்திய ஆண்டுகளைத் தேதிக்குக் கீழே இடும் சிறு புள்ளிகளால் குறித்தார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு வேறு விலை.

1893-இல் அரசாங்கம் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ரூபாயின் மதிப்பு 16 பென்ஸ் என்று நிற்க, வெள்ளியின் விலையோ இறங்கிக்கொண்டே போயிற்று. இதன் பயனாக உலகில் முன்பு கேட்டறியாத ஒரு கள்ள ரூபாய் சாத்தியமாயிற்று: எடையிலும் மாற்றிலும் ஒலியிலும் சர்க்கார் ரூபாய்க்குச் சிறிதும் குறையாத வெள்ளியில் செய்து, அப்படியும் லாபம் காணத்தக்க கள்ள ரூபாய். சராப்பின் காதும் நகமும் இதனெதிரே செயலற்றுப்போயின. அச்சின் வேலைப்பாட்டைப் பார்க்கும் கண் ஒன்றே மிஞ்சியது. முதல் உலக யுத்தத்தில் வெள்ளி விலை ஏறியபோது நிலைமை எதிர்மாறாகி, ரூபாயை உருக்குவது லாபமாயிற்று, உருக்குதல் தடுக்கப்பட்டது, அமெரிக்கா 1918-இல் ஒரு சட்டம் செய்து 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்து, 40 பங்கு செம்பும், நாகமும் நிக்கலும் ஐந்தைந்து பங்குமாகக் கலந்த காசு வந்தது. கள்ளக்காசுக்கு அஞ்சி அதன் விளிம்பின் நடுவே ஒரு பள்ளமான கோடும் ஓட்டினார்கள். 1947-இல் புலி உருவத்தோடு வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை; அது முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே இன்று ஒருவர் பெட்டியிலிருந்து ரூபாய் ஒன்றை எடுத்தால் முதலில் நிறுக்கட்டும். பழைய முழுவெள்ளி ரூபாய் 11.66 கிராம், தேய்ந்ததில் சற்றுக் குறையலாம், கூடுதல் ஆகாது. நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு நிறுத்தால் 1.13 கிராம் அளவு எடை குறையவேண்டும். அதாவது நீரைப்போல் சுமார் பத்தேகால் மடங்கு அடர்த்தி. பாதி வெள்ளிக் காசுக்கு இது ஒன்பதரைதான் வரும். பிறகு விளிம்பு: வார்ப்பில் செய்ததானால் இரண்டு பாதிகளும் சேர்ந்த வரம்பை அரத்தால் ராவியிருப்பார்கள், பற்கள் கூர்மையிழந்திருக்கும், எழுத்துக்களின் ஓரத்தில் காற்றுக்குமிழியின் நுண்துளைகள் காணும். ஒரே கீறல் ஒரே இடத்தில் உள்ள இரண்டு காசுகள் கிடைத்தால் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும். ஏதோ ஓர் அசலின் வடுவை அச்சு காப்பியடித்திருக்கிறது. ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் ஒரு புறமும், கிழக்கிந்தியக் கம்பெனி, 1616, 1818 என்பன போன்ற எழுத்துக்கள் மறுபுறமுமாக உலவும் காசுகளுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. கம்பெனியார் அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே கிடையாது.

அசல் என்று தீர்ந்தபின் விலை என்ன என்ற கேள்வி வரும். பழமைக்கும் விலைக்கும் நாம் எண்ணுகிற சம்பந்தம் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மௌரிய முத்திரைக் காசு, புதையல் புதையலாகக் கிடைப்பதால், மலிவாகவே விற்கிறது. 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசர் அங்கியின்மேல் தொங்கும் பதக்கத்து யானை பன்றியைப்போலத் தோன்றுகிறதென்று ஜனங்கள் ஆத்திரப்பட, அவற்றிற் பெரும்பகுதியை உருக்கிவிட்டு மறு ஆண்டில் துதிக்கையைத் திருத்தினார்கள். அதனால் அந்த ஓர் ஆண்டின் ரூபாய்க்கு மதிப்பு. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தால் விலை இறங்கிவிடும். திருநீறோ புளியோ போட்டுப் பளபளவென்று துலக்கிவைக்கும் நம் வீட்டு வழக்கமும், பாத்திரத்துக்குச் செய்யும் நன்மையைக் காசுக்குச் செய்வதில்லை. நூறாண்டு படிந்த கருமையைச் சேகரிப்போர் பெரிதாக மதிக்கிறார்கள். சராப்பு முத்திரையைப் பற்றி மட்டும் அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஊறு பட்ட காசு என்று அதை அவர்கள் தள்ளிவைக்கிறார்கள். கைதேர்ந்த ஒருவர் பார்த்து நல்லது என்று சொன்ன சாட்சியை ஊறு என்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சிக்கால ரூபாய்களில் அதிகமாகத் தேடப்படுவது பம்பாயில் அடித்த 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய். அருமையாகக் கிடைப்பதால் அதற்குப் போலிகளும் ஏராளம். அவற்றுள் ஒரு வகையில் எடை சரியாக இருக்கும், நீரில் போட்டால் கணக்குச் சரியாக வரும், சுண்டினால் ஓசை குறையாது, விளிம்பும் அச்சும் அரசாங்க அக்கசாலையினுடையவையே. எளிதில் கிடைக்கும் 1938-ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றை எடுத்து, கடைசி இலக்கமாகிய எட்டை மாத்திரம் ஒன்பதாகச் செதுக்கியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடியை அந்த ஓர் இலக்கத்தின்மேல் பிடித்து, சுற்றியுள்ள தரை மற்ற மூன்று இலக்கங்களின் பக்கத்தில் உள்ளதுபோலவே இருக்கிறதா, உளி பட்ட கீற்று ஏதேனும் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். தெரிந்துவிட்டால், பொய்யான 1939-க்கு விலையில்லை. முகம் சிதைந்த 1938-க்கும் சேகரிப்பாளரிடம் விலையில்லை. சௌகார்பேட்டையில் அன்றைய வெள்ளி நிலவரப்படி எடைக்கு எடை வாங்கிக்கொள்வார்கள்.